பெட்டிக்குள் வந்த மோட்டார்

மோட்டார் கார் என்றால் எத்தனை நீளம் இருக்க வேண்டும்? பன்னிரண்டு அடி, பதினைந்து அடி என்று நீங்கள் சொல்லலாம். இந்த வாரம் நான் உங்களுக்குக் காட்டப் போகும் காரின் நீளம் சுமார் 12 சென்டிமீட்டர். உள்ளங்கையில் அடங்கிவிடும். அதற்குப் பெட்ரோல் வேண்டாம், லைசென்ஸ் வேண்டாம், டிரைவருக்குக் காப்பி கலந்து கொடுக்க வேண்டாம். ஆனால் ஒரே ஒரு நிபந்தனை உண்டு. காரை நீங்களேதான் செய்துகொள்ள வேண்டும். பெட்டியைத் திறந்தால் உள்ளே கார் இராது. கார் ஆகக்கூடிய துண்டுகள் இருக்கும். கூடவே எதை எதோடு ஒட்டுவது என்று படம் போட்ட ஒரு தாள். பசையும் பொறுமையும் உங்களைச் சேர்ந்தவை!

இந்த ஒட்டுக் காருக்கு உலகம் முழுவதும் ஒரு சரித்திரம் உண்டு. அதைக் கேட்க அமெரிக்காவுக்கும் இங்கிலாந்துக்கும் போக வேண்டுமோ என்று மலைக்காதீர்கள். கொஞ்சம் போகத்தான் வேண்டும். ஆனால் பெரும்பகுதியை நம் சென்னையிலேயே கேட்டுவிடலாம். அடையாற்றில் ஆரம்பித்து, தியாகராய நகர் வழியாக, மயிலாப்பூரில் முடித்துவிடலாம். செருப்பை மாட்டிக்கொள்ளுங்கள்; புறப்படுவோம்.

அடையாற்றில் ஏன் ஆரம்பிக்க வேண்டும்? காரணம் இருக்கிறது. 1901-ஆம் ஆண்டில் பாரி கம்பெனியின் டைரக்டர்களில் ஒருவரான ஏ. ஜே. யார்க் என்ற வெள்ளைக்காரர், அடையாற்றில் பென்ஸ் கார்டன் என்ற பங்களாவில் குடியிருந்தார். அங்கிருந்து பாரிமுனையில் இருந்த ஆபீசுக்கு அவர் மோட்டாரில் போய் வந்தார். சென்னை கண்ட முதல் மோட்டார் அதுதான் என்று நகரத்தின் சரித்திரம் எழுதியவர்கள் சொல்கிறார்கள். இன்று அடையாறு பாலத்தில் சிவப்பு விளக்குக்கு முன்னால் நிற்கும்போது, ஊர் முழுவதற்கும் ஒரே ஒரு கார் இருந்த அந்தக் காலத்தை ஒரு நிமிஷம் நினைத்துப் பாருங்கள். பெருமூச்சு தானாக வரும்.

அடையாற்றிலிருந்து வடக்கே வந்தால் மவுண்ட் ரோடு, அதாவது இப்போதைய அண்ணா சாலை. அங்கே சிம்ப்ஸன் கம்பெனி. 1840-ல் தொடங்கிக் குதிரை வண்டிகள் கட்டிக்கொண்டிருந்த நிறுவனம் அது. 1903-ல் அங்கே ஸாமுவேல் ஜான் கிரீன் என்பவர் நீராவியால் ஓடும் கார் ஒன்றைக் கட்டி முடித்தார். இந்தியாவிலேயே கட்டப்பட்ட முதல் நீராவிக் கார் அது. ஆக, நம் ஊருக்குக் காரைப் பார்த்து வியக்க இரண்டு வருஷம் போதுமாக இருந்தது. மூன்றாவது வருஷம் 'நாமே ஒன்று செய்தால் என்ன?' என்று தோன்றிவிட்டது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் நம் கதைக்கு முக்கியம். வெளிநாட்டுக் கார்களை முழுசாகக் கப்பலில் ஏற்றினால் இடம் அடைத்துக்கொள்ளும், செலவும் அதிகம். ஆகவே காரைப் பிரித்து, மரப் பெட்டிகளில் அடுக்கி, துறைமுகத்தில் இறக்கி, இங்கே பூட்டி ஓட்டும் வழக்கம் வந்தது. 1930-ல் போர்டு கம்பெனி சென்னையில் இப்படிக் கார் பூட்ட ஆரம்பித்தது. 1936-ல் அடிஸன் கம்பெனியும் அந்த வேலையில் இறங்கியது. தொழிலில் இதற்கு 'ஸி.கே.டி.' என்று பெயர். முழுக்கப் பிரித்து அடுக்கியது என்று அர்த்தம். பெட்டியில் வந்த துண்டுகளைத் தாளைப் பார்த்துப் பூட்டிக் காராக்குவது! பிள்ளைகள் சாப்பாட்டு மேஜையில் செய்வதைப் பெரியவர்கள் தொழிற்சாலையில் செய்தார்கள், அவ்வளவுதான்.

சுதந்திரம் வந்த மறு வருஷம், 1948-ல், ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா என்ற கம்பெனி சென்னையில் பிறந்தது. இங்கிலாந்தின் ஸ்டாண்டர்டு கம்பெனியோடு கூட்டு. தொழிற்சாலை வண்டலூர்ப் பக்கம். முதலில் வான்கார்டு, பின்னர் எட்டு, பத்து என்று எண் பெயர் தாங்கிய சிறு கார்கள் வந்தன. 1961-ல் வந்ததுதான் 'ஸ்டாண்டர்டு ஹெரால்டு'.

ஹெரால்டை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். சிலர் அதில் ஏறி மாமியார் வீட்டுக்கே போயிருப்பீர்கள். இத்தாலியரான மிக்கெலாட்டி உருவம் வரைந்த கார். முன்பக்கம் முழுவதும் ஒரே மூடியாக முதலை வாயைப் போல் திறந்துகொள்ளும். இருபத்தைந்து அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும். மயிலாப்பூர்ச் சந்துகளுக்கென்றே செய்தது போல! உடல் ஒரே வார்ப்பாக இராமல், அடிச்சட்டத்தின்மேல் தனித்தனித் துண்டுகளாக வைத்து போல்ட் போட்டுப் பூட்டப்பட்டிருக்கும். பெட்டியில் போட்டு வெளிநாட்டுக்கு அனுப்பிப் பூட்டுவதற்கு இதைவிடத் தோதான கார் வேறு ஏது?

முதலில் வந்த ஹெரால்டுக்கு இரண்டே கதவுகள். பின் ஸீட்டுக்குப் போக வேண்டுமானால் முன் ஸீட்டை மடித்து, குனிந்து, வளைந்து நுழைய வேண்டும். ஒன்பது கஜப் புடவை கட்டிய பாட்டிகள் இந்தச் சர்க்கஸைச் செய்து கல்யாண வீடு போய்ச் சேர்ந்தார்கள் என்பதை நினைத்தால் அவர்களுக்கு ஒரு நமஸ்காரம் போடத் தோன்றுகிறது. கம்பெனிக்கும் இது எட்டியிருக்க வேண்டும். 1960களின் கடைசியில் நாலு கதவு ஹெரால்டு வந்தது. இங்கிலாந்தில் அப்படி ஒன்று கிடையாது. நம் நாட்டுக்கென்றே செய்தது. 1971-ல் அதை மாற்றியமைத்து 'கஸல்' என்று பெயர் வைத்தார்கள். 1977-வாக்கில் அதுவும் நின்றது. 1985-ல் ஸ்டாண்டர்டு 2000 என்று ஒரு பெரிய கார் வந்தது. சில வருஷங்களிலேயே கார் வியாபாரம் முடிந்துபோயிற்று.

இங்கே கொஞ்சம் கப்பல் ஏற வேண்டும். பெரிய கார் பெட்டியில் வந்த கதையைப் பார்த்தோம். சின்னக் கார் எப்படிப் பெட்டிக்குள் போயிற்று?

லண்டனில் நிக்கலஸ் கோவ் என்ற ஹங்கேரிக்காரர் 1939-ல் 'ஏர்பிக்ஸ்' என்று ஒரு கம்பெனி ஆரம்பித்தார். காற்றடைத்த ரப்பர் பொம்மைகள்தான் சரக்கு. யுத்தம் முடிந்தபின் பிளாஸ்டிக் சீப்புக்கு மாறினார். 1949-ல் பெர்குஸன் டிராக்டர் கம்பெனி, தன் விற்பனையாளர்கள் கையில் எடுத்துப்போக ஒரு குட்டி டிராக்டர் செய்து தரச் சொன்னது. துண்டுகளை ஒட்டி முடிப்பதற்குள் தொழிற்சாலையில் போதும் போதும் என்றாகிவிட்டது. பிற்பாடு அதே டிராக்டரைத் துண்டுகளாகவே விற்றார்கள், வாங்குகிறவர் ஒட்டிக்கொள்ளட்டும்! அடுத்து டிரேக் என்ற மாலுமியின் 'கோல்டன் ஹிண்ட்' கப்பலைச் சின்னதாகச் செய்து, பிளாஸ்டிக் பையில் போட்டு, உல்வொர்த் கடைகளில் மலிவாக விற்றார்கள். அதன் பிறகு கம்பெனி திரும்பிப் பார்க்கவில்லை.

காற்றடைத்த பொம்மை என்றதும் நம் ஊர் ஞாபகம் வருகிறதல்லவா? 1946-ல் திருவொற்றியூரில் கே. எம். மாம்மன் மாப்பிள்ளை பலூன் செய்ய ஆரம்பித்தார். அந்தப் பலூன் கடைதான் இன்று எம்.ஆர்.எப். டயர் கம்பெனி. லண்டன் ரப்பர் பொம்மை பிளாஸ்டிக் காராக மாறியது; சென்னை பலூன் நிஜக் காரின் சக்கரமாக மாறியது. அதே எம்.ஆர்.எப். 1987-ல் 'பன்ஸ்கூல்' என்ற விளையாட்டுச் சாமான் கம்பெனியையும் தொடங்கியது. பலூனை அது மறந்துவிடவில்லை போலும்!

அமெரிக்காவில் நடந்தது வேறு தினுசு. 1950களின் ஆரம்பத்தில் ரெவெல் கம்பெனி, தாத்தா காலத்து மோட்டார்களைத் துண்டு துண்டாகச் செய்து விற்றது. 1948-ல் பிறந்த ஏ.எம்.டி. கம்பெனியோ, கார்க் கடைகளுக்காகப் புதுக் கார்களின் குட்டி உருவங்களைச் செய்து கொடுத்தது. அப்பாவும் அம்மாவும் கடையில் பேரம் பேசும்போது பையன் கையில் ஒன்றைக் கொடுத்துவிடுவார்களாம். பையன் அதை விடமாட்டான்; அப்பா பெரிய காரை விட முடியாது. வியாபார தந்திரம் எந்த ஊரிலும் ஒன்றுதான். ஆனால் அந்தப் பிளாஸ்டிக் நாளாக நாளாக வெயிலில் வைத்த அப்பளம் போல் வளைந்துவிட்டது. பிற்பாடுதான் பாலிஸ்டைரீன் என்ற நல்ல பிளாஸ்டிக் அந்த இடத்துக்கு வந்தது.

1958-ல் ஏ.எம்.டி. ஒரு காரியம் செய்தது. ஒரே பெட்டியில் மூன்று விதமாக ஒட்டக்கூடிய துண்டுகளைப் போட்டது. கடையில் விற்கும் கார் மாதிரியும் ஒட்டலாம். அலங்காரக் காராகவும் ஒட்டலாம். பந்தயக் காராகவும் ஒட்டலாம். ஒரே மாவில் இட்லி, தோசை, ஊத்தப்பம் செய்யும் வித்தை நமக்குப் புதிதல்ல. அமெரிக்கப் பையன்களுக்கு அது அதிசயமாக இருந்தது. ஜப்பானிலும் ஒரு கதை உண்டு. ஷிஸுவோகா என்ற ஊரில் 1946-ல் மர அறுவை மில்லாக ஆரம்பித்த தமியா கம்பெனி மர பொம்மை செய்தது. 1960-ல் பிளாஸ்டிக்குக்கு மாறியது. 1967-ல் ஹோண்டா பந்தயக் காரைப் பன்னிரண்டில் ஒரு பங்கு அளவில் செய்து உலகத்தைத் தன் பக்கம் திருப்பியது.

செய்முறை எளிதுதான். எஃகில் இரண்டு பாதி அச்சு. உருகிய பாலிஸ்டைரீனை அழுத்தி உள்ளே செலுத்தினால், ஆறியதும் துண்டுகள் எல்லாம் ஒரு கொடியில் காய்த்த அவரைக்காய் போல் வரிசையாக வந்துவிடும். கொடியிலிருந்து கிள்ளி எடுத்து, பிசிறைச் சீவி, பசை தடவ வேண்டும். பசை என்றால் அது நம் மைதாப் பசை அல்ல. பிளாஸ்டிக்கின் மேல்தோலைச் சற்றே கரைத்து, இரண்டு துண்டுகளையும் ஒன்றாகவே உருக்கிவிடும் திரவம். காய்ந்த பிறகு இரண்டு என்பதே இல்லை. அதனால்தான் அவசரக் கை பட்டால் அந்தக் கையின் அடையாளமும் அழியாது. இதை ஞாபகத்தில் வையுங்கள், மயிலாப்பூரில் வேண்டியிருக்கும்.

ஏர்பிக்ஸ் தன் கார்களை முப்பத்திரண்டில் ஒரு பங்கு அளவில் செய்தது. 1960களில் அந்த வரிசையில் மாரிஸ் மைனர் இருந்தது, மினி இருந்தது, போக்ஸ்வாகன் இருந்தது. டிரையம்ப் ஹெரால்டும் இருந்தது. அதாவது, நம் வண்டலூரில் பெரியவர்கள் ஸ்பானர் பிடித்து எந்தக் காரைப் பூட்டினார்களோ, அதே காரை உலகத்துப் பிள்ளைகள் பசை தடவிப் பூட்டிக்கொண்டிருந்தார்கள்!

வாருங்கள், தியாகராய நகருக்குப் போவோம். 1920களில் மனை போட்டுப் பிறந்த பேட்டை. பனகல் பார்க்கைச் சுற்றிய தெருக்களில் போர்ட்டிகோ வைத்த வீடுகள். போர்ட்டிகோவில் ஹெரால்டோ, பியட்டோ, அம்பாஸிடரோ. இன்று அந்த வீடுகளில் பெரும்பாலானவை அடுக்கு மாடிகளாகிவிட்டன. பாண்டி பஜாரிலோ 2019-ல் அகலமான நடைபாதை போட்டு, கார்களைக் கொஞ்சம் ஒதுங்கச் சொல்லிவிட்டார்கள். நமக்கு நல்லதுதான். புடவைக் கடைக்கும் வளையல் கடைக்கும் நடுவே, பிளாஸ்டிக் கார்கள் தொங்கும் கடைகளை நின்று பார்க்கலாம். ஆனால் அவை எல்லாம் செய்து முடித்த கார்கள். ஒட்டும் பெட்டியை அந்தக் காலத்தில் இங்கே தேடியிருந்தால் ஏமாற்றம்தான். வெளிநாட்டு விளையாட்டுச் சாமான் தாராளமாக இறக்குமதியான காலம் அல்ல அது. நுகர்பொருள் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் பெருமளவு நீங்கியதே 2001 ஏப்ரலில்தான்.

அப்படியானால் ஒட்டுக் கார் சென்னைக்கு எப்படி வந்தது? டிரங்குப் பெட்டியில் வந்தது. லண்டனில் படித்த சித்தப்பா, சிங்கப்பூர் மாமா, அமெரிக்கா போன அத்திம்பேர் எல்லோரும் பிளேடு, சென்ட், சட்டைத் துணி ஆகியவற்றுக்கு இடையே செருகிக்கொண்டு வந்தார்கள். கையில் காசுள்ளவர்கள் பர்மா பஜாரில் துழாவினார்கள். காசில்லாதவர்கள் மூர் மார்க்கெட்டில் பழைய சாமான்களுக்கு நடுவே தேடினார்கள். 1985 மே மாதம் மூர் மார்க்கெட் தீயில் எரிந்தபோது, அந்தத் தேடலும் அதோடு போயிற்று.

பெரிய கார்களுக்கு இன்று கௌரவமான இடங்கள் உண்டு. கோயம்புத்தூரில் ஜி.டி. கார் மியூஸியம் இருக்கிறது. வடபழனியில் ஏவி.எம். நிறுவனத்தாரின் மியூஸியம் 2023-ல் திறக்கப்பட்டது. பழைய மோட்டார்கள் பளபளவென்று நிற்கின்றன. ஒட்டுக் கார்களுக்கு மியூஸியம் எங்கே?

மயிலாப்பூரில் இருக்கிறது. வருஷத்தில் ஒன்பது நாள் மட்டும் திறந்திருக்கும். டிக்கெட் கிடையாது, சுண்டல் உண்டு!

நவராத்திரிக்கு முன்னால் வடக்கு மாட வீதியில் பொம்மைக் கடைகள் வரிசையாக முளைப்பது உங்களுக்குத் தெரியும். தசாவதாரம், செட்டியார், கல்யாண ஊர்வலம் என்று படிக்கு வேண்டியதெல்லாம் கிடைக்கும். ஆனால் கொலுவில் படிக்குக் கீழேயும் ஒரு ராஜ்யம் உண்டே! பார்க். முளைப்பாரி வயல், கண்ணாடிக் குளம், மணல் ரோடு. அந்த ரோட்டில் நிற்கும் வாகனங்களைச் சற்றுக் குனிந்து பாருங்கள். பஸ்ஸும் லாரியும் கடையில் வாங்கியவை. நடுவே ஒன்று மட்டும் ஓரத்தில் பசைக் கோடு தெரிய நிற்கும்.

அப்படி ஒரு காரைக் கபாலி கோயிலுக்குப் பக்கத்துத் தெரு ஒன்றில், எழுபதைத் தாண்டிய மாமி ஒருவரின் கொலுவில் பார்த்தேன். குட்டி ஹெரால்டு.

"இது எங்கே வாங்கினது, மாமி?"

"வாங்கினது இல்லை, பண்ணினது. சித்தப்பா லண்டன்லேர்ந்து அண்ணாவுக்குக் கொண்டு வந்தார். அவனுக்குப் பொறுமை ஏது? ரெண்டு சக்கரத்தை ஒட்டிட்டுக் கிரிக்கெட் ஆடப் போயிட்டான். மிச்சமெல்லாம் நான். அப்போ எனக்குப் பத்து வயசு. 'பொண் குழந்தைக்கு என்னத்துக்குக் கார்'னு பாட்டி கேட்டா. அப்பா மட்டும் ஒண்ணும் சொல்லலை. வாசல்லே நின்ன கார்கிட்டே கூட்டிண்டு போய், பானெட்டைத் திறந்து, இது ரேடியேட்டர், இது பாட்டரின்னு ஒவ்வொண்ணாக் காமிச்சார்."

காரைக் கையில் எடுத்துக் கொடுத்தார். முன் கண்ணாடியின் ஓரத்தில் ஒரு சின்ன மங்கல். வெளிச்சத்தில் பிடித்தபோது தெரிந்தது: விரல் ரேகை! பசை ஈரமாக இருந்தபோது பதிந்தது. பத்து வயதுச் சிறுமியின் விரல். ரேகை ஒவ்வொன்றும் எண்ணும்படி இருந்தது.

"அப்பாவோட கார் என்ன ஆச்சு?"

"எழுபத்தாறிலே வித்தாச்சு. அன்னிக்கு அப்பா சரியாச் சாப்பிடலை. இப்போ இது ஒண்ணுதான் இருக்கு."

இந்தக் காலத்தில் பழைய ஒட்டுக் கார்களைச் சேர்ப்பவர்கள் நிறைய. ஆனால் அவர்கள் கணக்கு விசித்திரமானது. பெட்டி பிரிக்காமல், துண்டு கொடியிலேயே இருந்தால் நல்ல விலை. ஒட்டி முடித்துவிட்டால் விலை இறங்கிவிடும். மாமியின் பேரன் இதைச் சொல்லியிருக்கிறான். "பிரிக்காம வெச்சிருந்தா லாபம்கறான். பிரிக்காம வெச்சிருந்தா நான் அதை என்னன்னு சொல்லி ஞாபகம் வெச்சுக்கறது?" என்றார் மாமி.

மாமியின் கவலை விலையைப் பற்றியது அல்ல. வீட்டை இடித்து அடுக்கு மாடி கட்டப் போகிறார்கள். அது எழும்பும் வரை வாடகை வீடு. ஒன்பது படி ஐந்து படியாகும். பார்க்குக்குத் தரையில் இடம் இராது. எதை வைத்துக்கொள்வது, எதைக் கொடுத்துவிடுவது என்று மருமகள் ஒரு ஜாபிதா எழுதிக்கொண்டிருக்கிறாள். மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் இன்று எத்தனையோ வீடுகளில் எழுதப்படும் ஜாபிதாதான் இது. தெய்வ பொம்மைகளை யாரும் ஒதுக்க மாட்டார்கள். பழைய பிளாஸ்டிக் காரைத்தான் முதலில் குப்பையில் போடுவார்கள்.

அப்படிப் போடுவதற்குமுன் அதைத் திருப்பிப் பாருங்கள். பசைக் கோடு இருந்தால், அது வீட்டில் யாரோ உட்கார்ந்து செய்தது. வைத்துக்கொள்வதும் கஷ்டமில்லை. சில விஷயங்களை மட்டும் கவனித்தால் போதும்:

கொலுப் பெட்டியில் பாச்சை உருண்டை போடுவது நம் வழக்கம். ஒட்டுக் கார் இருக்கும் பெட்டியில் வேண்டாம். அதன் ஆவி இந்தப் பிளாஸ்டிக்கை இளக்கிவிடும். நெயில் பாலிஷ் அழிக்கும் திரவத்தாலோ தின்னராலோ துடைக்கவே கூடாது, கார் கரைந்துபோகும். மெல்லிய தூரிகையால் தூசி தட்டினால் போதும். மொட்டை மாடிக்குக் கீழே உள்ள பரண் சித்திரை வெயிலில் அடுப்பாகிவிடும். அங்கே வைக்காமல் அலமாரியின் அடித்தட்டில் வையுங்கள். சக்கரத்தில் ரப்பர் போன்ற மெத்து டயர் இருந்தால், அது பக்கத்துப் பிளாஸ்டிக்கை மெல்ல அரிக்கும். கழற்ற வருமானால் கழற்றித் தனியே வையுங்கள். மற்றபடி பொம்மைகளைப் போலவே பழைய வேஷ்டித் துணியில் சுற்றி வைக்கலாம். ஒரு காகிதத்தில், யார் ஒட்டியது, எந்த வருஷம், யார் கொண்டு வந்தது என்று இரண்டு வரி எழுதி உள்ளே போட்டுவிடுங்கள்.

மாமியிடம் விடை பெறும்போது, ஐந்து படியில் ஹெரால்டுக்கு எங்கே இடம் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்தார். "மரப்பாச்சிக்குப் பக்கத்துலே நிறுத்திட்டாப் போச்சு. அவாளுக்கும் எங்கேயாவது போக வர ஒரு வண்டி வேண்டாமா?" என்றார்.

அடுத்த நவராத்திரிக்கு நீங்கள் மாட வீதிப் பக்கம் கொலு பார்க்கப் போனால், மேல் படியில் கலசத்துக்கு நமஸ்காரம் செய்த கையோடு கீழேயும் ஒரு பார்வை பாருங்கள். பசைக் கோடு உள்ள கார் ஒன்று நின்றால், இதை யார் ஒட்டியது என்று வீட்டு அம்மாளிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். பதில் கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும். சுண்டல் ஆறினாலும் பரவாயில்லை.